மடவைப் பெட்டி

என் ஆராய்ச்சிக்கு வேண்டிய டி.என்.ஏ. அமெரிக்காவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அது வரப்போவதில்லை என்று முதல் சில மாதங்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுபதுகளின் கடைசி அது. விரல் நீளப் பழுப்பு நிறப் புட்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமென்றால் அந்நியச் செலாவணிக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு முன்னால் விண்ணப்பித்திருந்த ஒருவருக்கு அந்தப் புட்டி வந்து சேர்ந்தபோது, அவர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வங்கி வேலையில் சேர்ந்து, கல்யாணமும் முடித்திருந்தார்.

எனக்குப் பொறுமை கிடையாது. காத்திருக்கச் சொன்னால் கோபம் வரும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் பிறந்து சென்னைக்கு வேதியியல் படிக்க வந்தவள் நான். ஒரு கையெழுத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கா இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தேன் என்று விடுதிச் சுவரைப் பார்த்துத் திட்டுவேன்.

நான் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். டி.என்.ஏ. முறுக்கிவிட்ட நூலேணி போல இருக்கும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒரு வகை, அந்த ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவில் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டால் உயிரணுவால் அந்த ஏணியைப் பார்த்து இன்னொன்று செய்ய முடியாது. பெருக முடியாமல் அது செத்துப்போகும். அந்த வகை மருந்துகளுக்கு உறவுமுறையான தட்டையான மூலக்கூறுகளை நான் குடுவையில் தயாரிப்பேன். பிறகு அவை எவ்வளவு இறுக்கமாகப் போய் உட்காருகின்றன என்று நிறத்தை வைத்தும், கரைசலின் பிசுபிசுப்பை வைத்தும் அளப்பேன். மூலக்கூறுகள் கைவசம் இருந்தன. உட்காருவதற்குத்தான் ஏணி இல்லை.

நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் பலர் ஆண் மீனின் வெள்ளைச் சினையிலிருந்து டி.என்.ஏ. எடுக்கிறார்கள். விந்தணுக்கள் நிறைந்த அந்தச் சினையில் டி.என்.ஏ. கொட்டிக் கிடக்குமாம். அங்கே ஏதோ குளிர்கடல் மீன். அந்த மீனுக்கு இருப்பது எங்கள் ஏரி மடவைக்கு இருக்காதா? ஐப்பசி பிறந்துவிட்டால் வயிறு புடைத்த மடவைகள் முகத்துவாரத்தைப் பார்த்துக் கூட்டங்கூட்டமாகப் போகும். பெண் மீனின் மஞ்சள் சினைக்குச் சந்தையில் அடிதடி. ஆண் மீனின் வெள்ளைச் சினையைக் குப்பத்துப் பூனைகள்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தின்னும்.

என் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் முட்டைகூடத் தொடாதவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாசனை என் அறை வரைக்கும் வராமப் பாத்துக்கோம்மா," என்றார். அதுதான் அனுமதி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். நைனாவிடம் சொன்னால், "ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார். அதனால் நேராகச் சின்னம்மாவிடம் போனேன். அவள் என் அம்மாவின் தங்கை, எங்களுக்கு அடுத்த வீடு. தினமும் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, பொன்னேரிச் சந்தையில் கொண்டுபோய் விற்பவள். பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தை நிரப்ப நான் கிடைத்தேன், சோறும் மீனுமாக என்னை நன்றாகவே நிரப்பினாள். அவள் பேசினால் தோணிரேவு வரை கேட்கும் என்று சித்தப்பா சொல்வார். அவர் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது.

"ஆண் மடவையோட வெள்ளைச் சினை வேணும் சின்னம்மா. செத்த மீனா இருக்கக் கூடாது. புடிச்ச உடனே எடுத்து ஐஸ்ல போட்டு, காலை பஸ் கண்டக்டர் கையில குடுத்துடு. நான் பாரிமுனைல வந்து வாங்கிக்கறேன்."

"அது இன்னாத்துக்குடி?"

"புத்துநோய் ஆராய்ச்சிக்கு."

"அந்தக் கண்றாவிலயா மருந்து கீது?"

"மருந்து அதுல இல்ல. மருந்து வேலை செய்யுதான்னு அதுல போட்டுப் பாப்போம்."

சின்னம்மா தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டினால் வேலை நடந்துவிடும். ஐஸ் கடை பாயிடம் அவளே போய்ப் பேசி, பழைய மரப்பெட்டி ஒன்றுக்கு உள்ளே உமியும் தகரமும் வைத்துத் தயார் செய்தாள். அடுத்த வாரம் பெட்டி வந்தது. பாரிமுனையிலிருந்து ஆய்வகம் வரை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. நான் ராணி மாதிரி வந்து இறங்கினேன்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஐஸ் மேல் வரிசையாக, தங்கக் கட்டி மாதிரி, இரட்டை இரட்டையாக மஞ்சள் சினை. அத்தனையும் பெண் மீனுடையது. வெள்ளைச் சினை ஒரு துண்டுகூட இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்தது. கண்டக்டரிடம் விளக்கிச் சொல்லி அனுப்பினேன். அடுத்த பெட்டியில் மேலே மஞ்சள், அடியில் பெயருக்குக் கொஞ்சம் வெள்ளை, அதுவும் மஞ்சள் சினை உடைந்து எண்ணெய் பிசுக்கு ஏறி. விட்டுவிட மனமில்லாமல் அதிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கப் பார்த்தேன். கொழுப்பும் புரதமும்தான் வந்தது. பேராசிரியர் கதவருகில் நின்றபடி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா, கலப்படமா?"

"ஆமாம் சார்," என்றேன். இல்லை என்று சொல்ல வழியில்லை.

ஊருக்குப் போய்ச் சண்டை போட்டேன். சின்னம்மா அசரவே இல்லை. மீன் அரிந்துகொண்டே பதில் சொன்னாள்.

"அத்த எப்பிடிடி அனுப்பறது? நாலு பேரு படிச்சவங்க கீற எடம். பொட்டியத் தொறந்தா பூனைக்குப் போடற கழிசல் இருந்தா, இவ சின்னம்மா வூட்ல இதான் துன்றாங்க போலன்னு நெனைக்க மாட்டாங்க?"

"அது தின்றதுக்கு இல்ல சின்னம்மா!"

"எதுக்கா இருந்தா இன்னா? என் கையால போற பொட்டில நல்லதுதான் போவும்."

எங்கள் குப்பத்தில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு இது. படித்து முன்னேறிய பெண்ணுக்கு ஏரியிலிருந்து ஒன்று போகிறது என்றால் அது அந்தப் பருவத்தின் முதல் தரமாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதையும் அனுப்ப அந்தக் கைக்கு வரவே வராது. அரை நாள் வாதாடி ஒரு சமரசத்துக்கு வந்தோம். வெள்ளைச் சினை மட்டும் தனியாக மேலே இருக்கும். அடியில் செய்தித்தாளில் சுற்றி, எனக்குத் தின்ன மட்டும், ஒரு ஜோடி மஞ்சள் சினை இருக்கும். ஒன்றோடொன்று படக் கூடாது.

அதற்குப் பிறகு வந்த பெட்டியிலிருந்து முதல் தடவையாகச் சரியான டி.என்.ஏ. எடுத்தேன். சினையை உப்புக் கரைசலில் கரைத்து, புரதத்தை நீக்கி, கடைசியில் குளிர்ந்த ஸ்பிரிட்டை மெல்ல ஊற்றியபோது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை இழைகள் எழும்பின. கண்ணாடிக் குச்சியால் சுற்றினேன். பஞ்சுமிட்டாய் மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேராசிரியரை அழைத்தேன். அவர் கைக்குட்டை இல்லாமல் உள்ளே வந்து, குச்சியை வாங்கிப் பார்த்து, "இது மீனா?" என்றார். அன்று சாயங்காலம் வாட்ச்மேன் அறை ஸ்டவ்வில் அந்த ஜோடி மஞ்சள் சினையை மிளகாய்த்தூள் தடவி வறுத்து, நானும் உடன் படித்தவர்களும் தின்றோம். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

அந்தப் பருவத்தில் இன்னொன்றும் நடந்தது. என் மூலக்கூறை டி.என்.ஏ.வில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால், அது படிகளுக்கு நடுவில் போய் உட்காரும். ஆனால் இடுக்குகளில் பாதி நிறைந்ததுமே மேற்கொண்டு உட்கார மறுத்தது. நான் எங்கோ தப்புச் செய்கிறேன் என்று நினைத்து மறுபடி மறுபடி செய்தேன். பேராசிரியர் ஒரு கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். ஓர் இடுக்கில் ஒன்று உட்கார்ந்தால் பக்கத்து இடுக்கு மூடிக்கொள்ளும், அங்கே இன்னொன்றுக்கு இடம் கிடையாது என்று அதில் இருந்தது. நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். ஒரு வலை இறங்கிவிட்டால் அதன் பக்கத்து இடத்தைக் காலியாக விட வேண்டும். உன் முறை வரும் நாளில் நீதான் இறங்க வேண்டும். காய்ச்சலாகக் கிடந்தாலும் தூக்கிக்கொண்டுபோய் படகில் உட்காரவைப்பார்கள். விட்ட முறை திரும்பக் கிடைக்காது.

ஊரில் இதைச் சொன்னேன். நைனா "ஓஹோ" என்றார். சின்னம்மாதான் யோசித்தாள்.

"உன் மருந்துக்கும் ஊர்த் தலைவரு கீறாரா, சீட்டுப் போட?"

"இல்ல. எது முதல்ல வந்தாலும் உக்காந்துக்கலாம்."

"அப்போ அங்க டெய்லி சண்டைதான்," என்று முடித்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஆவணியில் சின்னம்மாவுக்கு மார்பில் கட்டி. எத்தனை மாதமாக இருந்தது என்று அவள் யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை. சித்தப்பா ஆய்வகத்து வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி என்றார் மருத்துவர். மருந்தின் பெயரைச் சொன்னார்.

எனக்குத் தெரிந்த பெயர். அதன் நான்கு வளையங்களையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். என் குடுவையில் இருப்பதெல்லாம் அதற்குத் தங்கை, தங்கையின் மகள். ரோஜாப்பூச் சிவப்பில் இருக்கும். அதைக் குழாய் வழியாகச் சின்னம்மாவின் கையில் ஏற்றியபோது நான் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. அதன் படம் மனப்பாடமாகத் தெரிவது அந்த நேரத்தில் ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

சின்னம்மா தைரியமாகத்தான் இருந்தாள். ஊசி போட்ட அன்று மூத்திரம் சிவப்பாகப் போனது. "ஆசுபத்திரியே ஹோலி ஆடுது" என்றாள். முடி கொட்டியபோது, "கூடை வெக்க இன்னும் வசதி" என்று வழுக்கைத் தலையைத் தட்டிக் காட்டினாள். குப்பமே வந்து பார்த்துவிட்டுப் போனது. என்னையும் சேர்த்துப் பெருமையாகப் பேசியது. "இவ கண்டுபுடிச்ச மருந்துதான் ஏத்துறாங்களாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் மறுத்துப் பார்த்தேன். அடக்கமான பொண்ணு என்று அதற்கும் பாராட்டு வந்தது.

மடவைப் பருவம் வந்தது. இந்தத் தடவை பெட்டி அனுப்புவது சித்தப்பா. அவர் சொன்னதைச் சொன்னபடி செய்பவர். பெட்டியைத் திறந்தால் வெள்ளைச் சினை மட்டும், கழுவி, ரத்தம் துடைத்து, ஐஸ் நடுவில் ஒழுங்காக இருக்கும். அடியில் எதுவும் இருக்காது. என் ஆய்வேட்டிலேயே மிகச் சுத்தமான டி.என்.ஏ. அந்தப் பெட்டிகளிலிருந்து எடுத்ததுதான். பேராசிரியர் மகிழ்ந்துபோனார். எனக்கு அந்தப் பெட்டிகளைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மூன்றாவது ஊசிக்கு முந்தின நாள், கண்டக்டர் பெட்டியோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தார்.

"உங்க சித்தப்பா இன்னைக்கே வரச் சொன்னாருமா. சின்னம்மா ஊசி வேணான்றாங்களாம்."

ஆய்வகத்துக்கு ஓடினேன். எதற்கு என்று யோசிக்காமல் ஒரு சோதனைக் குழாயில் மடவை டி.என்.ஏ. கரைசல், ஒரு சிறு புட்டியில் என் சிவப்பு மூலக்கூறு, ஒரு பாட்டிலில் ஸ்பிரிட், எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மதுவிலக்குக் காலம். எங்கள் பக்கம் ஆந்திரா எல்லை என்பதால் பஸ்ஸில் ஏறிச் சோதிப்பார்கள். அன்று ஒரு போலீஸ்காரர் என் பையைத் திறந்து பாட்டிலை முகர்ந்தார். "இன்னாம்மா இது?" என்றார். "மீன் கழுவ" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பஸ் நிறைய இருந்த காலி மீன் கூடைகளைப் பார்த்து நம்பிவிட்டார்.

சின்னம்மா வீட்டில் ஏரிப் பக்கத்து ஜன்னல் இரண்டும் சாத்தியிருந்தன. வலையெல்லாம் எங்கள் வீட்டு வேலிக்கு மாறியிருந்தது. சித்தப்பா சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து, உப்பு நார்த்தங்காயோடு பழைய சோறு தின்றுகொண்டிருந்தார். கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டில் மீன் சமைக்காமல் சோறு தின்று நான் பார்த்தது அன்றுதான். உள்ளே சின்னம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"நீ ஒண்ணும் பேசாத," என்றாள்.

"பேசல."

"ஊசி போதும். வாந்தி வருது, தாங்கிக்கறேன். முடி போச்சி, போவட்டும். மீன் வாடை ஆவ மாட்டேங்குதுடி. கரைல எறங்குனா கொடலப் பொரட்டுது. உங்க சித்தப்பா கிட்ட வந்தா மூஞ்சத் திருப்பிக்கறேன். அந்தாளு தெனம் லைபாய் போட்டுத் தேய்ச்சிகினு கீறாரு, பாவம்." அவள் குரல் உடைந்தது. "மீன் வாடை ஆவாத பொம்பளைக்கு இந்தக் குப்பத்துல இன்னா வேல? செத்தாலும் மீன்காரியா சாவறேன். என்ன வுட்ருங்க."

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். கத்தியிருப்பேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால், பேசாமல் பையைத் திறந்து சாமான்களைத் தரையில் வைத்தேன். ஸ்பிரிட் பாட்டிலைக் குளிர வைக்க ஐஸ் கேட்டேன். சித்தப்பா கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் வாடை அவளுக்கு எட்டுவதற்குள் வெளியே போனார்.

"இன்னாடி இது, கடை பரப்பற?"

"மடவை. சித்தப்பா அனுப்புனது."

சின்னம்மா சட்டென்று எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்தினாள். பிறகு மெல்ல எடுத்தாள். குழாய்ப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தாள். இன்னும் கிட்டே வந்தாள்.

"இதுல வாடையே இல்லியே."

"இல்ல. அதெல்லாம் எடுத்துட்டுத்தான் இது."

கையை நீட்டினாள். குழாயை மட்டும் கொடுத்தேன், சிவப்புப் புட்டியைத் தொடவிடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு மடவையில் ஒரு பங்கு அவள் கையில் இருந்தது. அதற்கு அவள் முகத்தைத் திருப்பவில்லை.

நான் குழாயில் சிவப்புச் சொட்டுகளை விட்டுக் கலக்கினேன். பிறகு ஓரமாக ஸ்பிரிட்டை ஊற்றினேன். இழைகள் எழும்பின. ஆய்வகத்தில் வெள்ளையாக வருபவை இப்போது சிவப்பாக வந்தன. குச்சியில் சுற்றி எடுத்து, வேறு கிண்ணத்தில் இருந்த சுத்தமான ஸ்பிரிட்டில் அலசினேன். ஸ்பிரிட் தெளிவாகவே இருந்தது, இழை சிவப்பாகவே இருந்தது.

"உனக்கு ஏத்தற மருந்து இதுக்கு அக்கா மாதிரி. உள்ள போய் இப்படித்தான் புடிச்சிக்குது."

"இது மீனு. நான் மனுசி."

"இது மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

சின்னம்மா குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கெட்டத மட்டும் புடிக்குமா, நல்லதையும் புடிக்குமா?"

மருத்துவமனையில், வீட்டில், குப்பத்தில், எல்லோரும் அவளுக்கு "ஒண்ணும் ஆவாது" என்று சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் இன்னும் பயந்து, ஊசியை அடியோடு விட்டுவிடக்கூடும். ஆனால் அந்தக் கேள்விக்கு அவளிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நல்லதையும் புடிக்கும் சின்னம்மா. அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. வேகமா வளர்றது எதுவோ அதுக்கு அடி ஜாஸ்தி. கட்டி வேகமா வளரும். முடியும் வேகமா வளரும், வயித்துக்குள்ள இருக்கற தோலும் வளரும். அதான் இத்தனை கஷ்டம்."

"அப்போ நல்லது?"

"நல்லது மூணு வாரத்துல எழுந்து உக்காந்துக்கும். கெட்டது எழுந்துக்க ஆரம்பிக்கும்போது அடுத்த ஊசி வரும். அதான் மூணு வாரக் கணக்கு."

"நாளைக்கிப் போவலன்னா?"

"கெட்டதும் எழுந்துக்கும்."

 வெளியே சித்தப்பா தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

"அத்த இப்பிடி மொதல்லயே சொன்னா இன்னா?" என்றாள். குரல் பழைய சத்தத்துக்கு வந்திருந்தது. "ஆளாளுக்கு, ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னு. எனக்குத்தான் ஆவுதே! இது பாடுதான? என் மொறை நாளைக்கி. நான் எறங்கலன்னா அந்தக் கட்டி எடத்தப் புடிச்சிக்கும். அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

"மெய்யாலுமே வாடை திரும்ப ஒத்துக்குமா?"

"ஊசி முடிஞ்சா பெரும்பாலும் சரியாயிடும்னு டாக்டருங்க சொல்றாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"எனக்குக் குழாய்க்குள்ள நடக்கறதுதான் சின்னம்மா தெரியும்."

அவள் சிரித்தாள். அந்த வழுக்கைத் தலையும் சிரிப்புமாக அவ்வளவு அழகாக இருந்தாள். "உங்க சித்தப்பாவக் கூப்டு. காலைல மொத பஸ்ஸு எத்தினி மணிக்கின்னு கேளு," என்றாள்.

ஆறு ஊசியும் முடிந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வாந்தி இன்னும் மோசமாக இருந்தது. ஆனாலும், "மொறை, மொறை" என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினாள். கடைசி ஊசி முடிந்ததும் மருத்துவர் கட்டி எதுவும் தெரியவில்லை என்றார். சித்தப்பா மருத்துவமனை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். முடி சுருள் சுருளாக முளைத்தது, அவளுக்கு இதற்கு முன் சுருட்டை முடி கிடையாது. அதை ஒரு பரிசாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆனால் மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. பங்குனி போனது, சித்திரை போனது. ஜன்னல் சாத்தியே இருந்தது. சின்னம்மா வீட்டோரம் நாலு முருங்கை நட்டு, கத்தரி நட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மீன் கூடை கூரை எரவாணத்தில் தொங்கியது. நான் போகும்போதெல்லாம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "பெரும்பாலும்" என்று நான் சொன்ன வார்த்தை முள்ளாகக் குத்தியது. அந்தச் சொல்லை நம்பித்தானே அவள் பஸ் ஏறினாள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஆய்வேடு எழுதும் வேலை வந்துவிட்டது. மாதக் கணக்கில் ஊருக்குப் போக முடியவில்லை. என் மூலக்கூறுகளில் எதுவும் மருந்தாகவில்லை, ஆகாது என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று தண்ணீரில் கரையாது, இன்னொன்று எலிக்கே ஆகாது. அதில் எனக்கு வருத்தமில்லை. எது எப்படி உட்காருகிறது, எங்கே உட்கார மறுக்கிறது என்று நேர்மையாக அளந்து எழுதியிருந்தேன். பின்னால் வருபவர்களுக்கு அது பயன்படும். சில அளவுகளை மட்டும் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் புது டி.என்.ஏ. வேண்டும். ஐப்பசி பிறந்திருந்தது. கண்டக்டரிடம் சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

பெட்டி வந்தது. ஆய்வக மேசையில் வைத்துத் திறந்தேன். மேலே வெள்ளைச் சினை. சித்தப்பாவின் ஒழுங்கில் இல்லை. அள்ளிப் போட்டது மாதிரி தாறுமாறாக, அங்கங்கே செதில் ஒட்டிக்கொண்டு இருந்தது.  இரண்டு கையையும் உள்ளே விட்டு ஐஸை ஒதுக்கினேன்.

அடியில் செய்தித்தாள் பொட்டலம். பிரித்தேன். ஒரு ஜோடி இல்லை, நாலு ஜோடி மஞ்சள் சினை. அந்தப் பருவத்தில் ஏரியில் கிடைத்ததிலேயே பெரியது. ஒன்று உடைந்து, எண்ணெய் மேலே ஏறி, வெள்ளைச் சினை பாதியைக் கெடுத்திருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை முழுக்க மீன் பிசுக்கு, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. வாடை பேராசிரியரின் அறை வரைக்கும் போயிருக்க வேண்டும். அவர் கைக்குட்டையோடு கதவருகில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய்க் கைக்குட்டையை இறக்கினார்.

"என்னம்மா, மறுபடியும் கலப்படமா?"

"ஆமாம் சார்," என்றேன். "மறுபடியும்."